பேஸ்மென்ட் பள்ளத்தின் தடுப்புச் சுவரில் கோளாறா? அறிகுறிவாரியாகப் பார்க்கும் வழிமுறை

நகரத்துக்குள் பேஸ்மென்டுக்காகத் தோண்டும் பள்ளங்களில் புதுமாதிரிக் கோளாறு என்று ஒன்று வருவது அபூர்வம். சுவரில் கசிவு, பக்கத்துக் கட்டடத்தில் விரிசல், சுவர் உள்ளே நகர்வது, ஸ்ட்ரட் (சுவர் உள்ளே வராமல் முட்டுக்கொடுக்கும் எஃகுத் தண்டு) முறுக்கிக்கொள்வது, பள்ளத்தின் அடி பொங்குவது என்று அதே ஐந்தாறுதான் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் ரோடும் வீடும் குழாயும் நெருக்கிக்கொண்டு நிற்பதால், சின்னக் கோளாறுக்கும் விலகி நின்று யோசிக்க இடம் இருக்காது. அதுதான் சிக்கல்.

இது சைட் இன்ஜினியருக்கும் சூப்பர்வைசருக்கும் எழுதியது. பள்ளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 2-ஆம் பகுதி போதும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், செலவு பிடிப்பதைக் கடைசியில் பாருங்கள். ஆனால் இரண்டு இடங்களில் இந்த வரிசை செல்லாது: சுவர் வழியே கலங்கிய நீர் வந்தாலும், பள்ளத்தின் அடியில் மணல் கொப்பளித்தாலும் காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் மண் வருவதை நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் பள்ளத்தை நிரப்பியாவது. விசாரணை அப்புறம்.

எதைப் பார்க்கப் போனாலும் மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும்: பைல் (சுவருக்காக மண்ணில் இறக்கிய தூண்) அல்லது பேனல் (சுவரின் ஒரு துண்டு) போட்டபோது எழுதிய பதிவு, இந்தக் கட்டத்தில் எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று சொல்லும் வரைபடம், கடந்த ஒரு நாளில் சைட்டில் என்ன மாறியது என்ற விவரம். மூன்றாவதை ஆபீஸில் கேட்டால் கிடைக்காது. மிஷின் ஓட்டுபவரிடமும் பம்ப் பார்ப்பவரிடமும் கேளுங்கள்.

## 1. சுவரில் தண்ணீர் வருகிறது

தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் எதுவும் படியவில்லை என்றால் 1அ. மண்ணோ மணலோ படிந்தால் 1ஆ-வுக்குப் போங்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது இரண்டாம் பட்சம். தெளிந்த நீர் அதிகமாக வந்தால் தொல்லை, கலங்கிய நீர் கொஞ்சமாக வந்தாலே ஆபத்து.

### 1அ. தெளிந்த நீர்

மேலிருந்து இறங்கும் மழைநீர். சுவரின் தலைக்கும் வெளித்தரைக்கும் இடையே பிளவு விழுந்திருக்கும், வழிந்தோடும் நீர் அதில் இறங்கும். மழை நின்ற சில மணி நேரத்தில் கசிவு குறைந்தால் இதுதான். பிளவை அடைத்து, பள்ளத்தைச் சுற்றிச் சின்னக் கரை கட்டினால் போதும்.

பக்கத்துக் குழாய் அல்லது சாக்கடை. கசிவு குறிப்பிட்ட நேரங்களில் கூடிக் குறைகிறதா என்று கவனியுங்கள். நிலத்தடி நீருக்குக் கடிகாரம் தெரியாது, குழாய்நீருக்குத் தெரியும். நீச்சல்குளத்தில் பயன்படுத்தும் குளோரின் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கலாம். ஆனால் மண்ணுக்குள் கொஞ்ச தூரம் வந்தாலே குளோரின் போய்விடும். அதனால் பட்டை நிறம் மாறினால் குழாய் என்று நம்பலாம், மாறாவிட்டால் குழாய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சாக்கடை என்று சந்தேகமிருந்தால் மேன்ஹோலில் சாயம் ஊற்றிவிட்டுச் சுவரைப் பாருங்கள். குழாய்தான் என்று தெரிந்தால், சுவரைத் தொடுமுன் குழாயைச் சரிசெய்யச் சொல்லுங்கள். சுவரை மட்டும் அடைத்தால் நீர் பின்னால் தேங்கி வேறு இடத்தில் வழி தேடும்.

இடைவெளி விட்டே போட்ட சுவர். கன்டிகுவஸ் பைல் சுவரில் பைல்களுக்கு இடையே சந்து இருப்பது இயல்பு. அது மண்ணைத் தாங்கப் போட்டது, நீரைத் தடுக்க அல்ல. நிலத்தடி நீர் மட்டம் எதிர்பார்த்ததைவிட உயரமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வடிகுழாய் வைத்து, சந்துகளில் ஷாட்கிரீட் (பீய்ச்சும் கான்கிரீட்) அடித்துச் சமாளிக்கலாம்.

சீகண்ட் பைல் விலகியது. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்க வேண்டிய பைல்கள் ஆழம் போகப் போகச் சாயும். தலையில் 150 மி.மீ. மேற்பொருந்தல் இருக்கிறது என்று வையுங்கள். 100-க்கு 1 என்ற சரிவில் ஒரு பைல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் போனால், 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொன்றும் 100 மி.மீ. விலகியிருக்கும். மொத்தம் 200. அதாவது மேற்பொருந்தல் தீர்ந்துபோய் 50 மி.மீ. சந்து திறந்திருக்கும். இரண்டும் ஏழரை மீட்டரிலேயே பிரிந்துவிட்டன. எனவே கசிவு தெரிகிற இடம் சந்தின் தொடக்கம்தான், கீழே போகப் போக அகலும். மேலே தெரிந்த துண்டை மட்டும் அடைத்துவிட்டுத் தோண்டுவதைத் தொடர்ந்தால், அடுத்த மீட்டரில் அதைவிடப் பெரிய ஓட்டை காத்திருக்கும். பைல் பதிவில் அந்த இரண்டு பைல்களின் சாய்வைப் பார்த்து, சந்து எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்குப் போட்டு, இன்னும் தோண்டாத ஆழத்துக்கும் சேர்த்து சுவருக்குப் பின்னாலிருந்து கிரவுட் (உள்ளே செலுத்தினால் இறுகும் கலவை) செலுத்திய பிறகே கீழே இறங்குங்கள்.

ஷீட் பைலில் (ஒன்றோடொன்று பூட்டிய எஃகுத் தகடுகளில்) இதற்குச் சமமானது பூட்டு கழன்றுபோவது. கல்லிலோ பழைய அஸ்திவாரத்திலோ முட்டி, ஒரு தகடு பக்கத்துத் தகட்டின் பூட்டை விட்டு வெளியே வந்திருக்கும். அடிக்கும்போது திடீரென்று இலகுவாக இறங்கியதாகப் பதிவில் குறிப்பு இருந்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

அடைக்கும் முறை: முதலில் கசிவில் ஒரு குழாயைச் செருகி நீருக்கு வழி கொடுங்கள். சுற்றிலும் சீக்கிரம் இறுகும் சிமென்ட் வைத்துப் பூசுங்கள். அது இறுகிய பின் பாலியூரிதேன் கிரவுட்டைச் செலுத்தி, கடைசியில் குழாயை மூடுங்கள். ஓடுகிற நீரின் முகத்தில் நேரே சிமென்ட் அப்புவது வீண் வேலை.

### 1ஆ. கலங்கிய நீர்

நீரோடு மண் வருகிறது என்றால் சுவருக்குப் பின்னால் பொந்து உருவாகிறது. மேலே இருப்பது ரோடோ வீடோ. பாட்டிலில் படிந்த மண் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு, கசிவு நொடிக்கு ஒரு லிட்டர் என்றால், ஒரு நாளில் வெளியேறும் மண் சுமார் 860 லிட்டர். பார்வைக்கு அது வெறும் செம்மண் தண்ணீர்தான்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

- அந்தப் பக்கம் தோண்டுவதை நிறுத்தி, மேலே சுவரோரமாக ஆட்களையும் வண்டிகளையும் விலக்குங்கள்.
- கசியும் இடத்தில் ஜியோடெக்ஸ்டைல் துணியைப் போர்த்தி, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். நோக்கம் நீரை நிறுத்துவது அல்ல, மண்ணை நிறுத்துவது. நீர் வடியட்டும்.
- மூட்டை தாங்காவிட்டால் அந்தச் சுவரை ஒட்டி மண்ணைத் திருப்பிக் கொட்டுங்கள்.
- அதுவும் தாங்காவிட்டால் பம்பை நிறுத்தி, பள்ளத்தில் நீர் ஏறட்டும். தேவைப்பட்டால் வெளியிலிருந்தும் நீர் விடுங்கள். உள்ளேயும் வெளியேயும் மட்டம் நெருங்கினால் ஓட்டம் தானாக அடங்கும்.

பல நாள் உழைத்துத் தோண்டியதை மீண்டும் மூட யாருக்கும் மனசு வராது. அந்தத் தயக்கத்தில் போகிற அரை மணி நேரம்தான் விபத்தாகிறது. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஆவணக் காப்பகக் கட்டடம் சரிந்தது நினைவிருக்கலாம். பக்கத்தில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தின் டயஃப்ரம் சுவரில் (அகழி வெட்டி அதில் கான்கிரீட் ஊற்றிய சுவர்) இருந்த குறை வழியே மண்ணும் நீரும் உள்ளே பாய்ந்தன. இரண்டு பேர் இறந்தார்கள்.

நிபுணர்: கலங்கிய நீர் என்றாலே ஜியோடெக்னிக்கல் இன்ஜினியர் அன்றே வர வேண்டும். கசிவு நின்றுபோன பிறகும் வர வேண்டும், ஏனென்றால் பின்னால் உண்டான பொந்து அப்படியே இருக்கிறது. ஊசித்துளை போட்டுத் தேடி நிரப்பாமல் ரோட்டைத் திறக்கக் கூடாது.

## 2. பக்கத்துக் கட்டடத்தில் விரிசல்

### 2அ. பழைய விரிசலா என்று பாருங்கள்

விரிசலுக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால், தூசியும் ஒட்டடையும் இருந்தால் அது பழையது. விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதியது. வேலை தொடங்குமுன் இரு தரப்பும் சேர்ந்து எடுத்த படங்கள் இருந்தால் விவாதமே தேவையில்லை. இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள், ஸ்கேலையும் தேதியையும் பக்கத்தில் வைத்து.

அப்புறம் விரிசலின் குறுக்கே அளவி ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் படியுங்கள். பகலில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு என்று போய் வந்துகொண்டிருந்தால் அது வெயிலின் வேலை. ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால்தான் மண்ணின் வேலை.

### 2ஆ. புதியது, கூடுகிறது

எப்போது தொடங்கியது என்பதை வைத்தே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

*பைல் போடும்போது* தொடங்கியிருந்தால், அதிர்வு ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, துளையிடும்போது கேசிங் (துளையைத் தாங்கும் குழாய்) நுனிக்குக் கீழே ஆகர் (துளையிடும் திருகு) போய், பக்கத்து மண் துளைக்குள் சரிந்துவருவது. ஒவ்வொரு பைலுக்கும் வெளியே வந்த மண்ணின் அளவையும் உள்ளே போன கான்கிரீட்டின் அளவையும் துளையின் கணக்கோடு ஒப்பிடுங்கள். கான்கிரீட் மிக அதிகமாகப் போன பைல் எந்தச் சுவருக்கு எதிரே இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

*பம்ப் ஓடத் தொடங்கியபின்* என்றால், முதலில் பம்ப் நீர் விழும் தொட்டியின் அடியைத் துழாவுங்கள். மணல் சேர்ந்திருந்தால் கிணற்றின் வடிகட்டி சரியில்லை, பக்கத்து மண்ணையே இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மணல் இல்லையென்றால் வெளியே உள்ள பீசோமீட்டரை (நிலத்தடி நீர் மட்டம் காட்டும் கருவி) பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், நீர் போன களிமண் அமுங்குகிறது. இந்தப் பாதிப்பு பள்ளத்தைத் தாண்டி வெகுதூரம் போகும். "நம்ம சைட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு எப்படி?" என்ற கேள்வி இங்கே எடுபடாது. வெளியே நீரைத் திருப்பிச் செலுத்தும் கிணறுகள் போட வேண்டியிருக்கும்.

*தோண்டும்போது* என்றால் சுவர் நகர்ந்திருக்கிறது. இந்த வகைத் தாழ்வு பொதுவாகப் பள்ளத்தின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வரை தெரியும், மென்களிமண்ணில் இன்னும் கொஞ்சம் போகலாம். 3-ஆம் பகுதிக்குப் போங்கள்.

நிபுணர்: கட்டடச் சேதத்துக்குப் பர்லண்ட் வகைப்பாட்டைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். அதன்படி 1 மி.மீ. வரை பூச்சுவேலை, 5 மி.மீ. வரை லேசான சேதம், 5 முதல் 15 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. கதவு ஜன்னல் இறுக ஆரம்பித்தாலே, அல்லது 5 மி.மீ. தாண்டினாலே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கட்டும். அகலம் குறைவாக இருந்தாலும் தினமும் கூடினால் அதே விதி. கேஸ் வாடை வந்தால் இன்ஜினியருக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டைக் காலி செய்யுங்கள், எந்த சுவிட்சையும் தொடாமல்.

## 3. சுவர் உள்ளே நகர்கிறது

### 3அ. கருவி சொல்வது உண்மையா?

இன்க்ளினோமீட்டரின் (சுவர் நகர்வை ஆழந்தோறும் அளக்கும் கருவி) குழாய் அடி, அசையாத மண்ணுக்குள் போதுமான ஆழம் இறங்கியிருக்க வேண்டும். அடியே நகர்ந்தால் மொத்தக் கணக்கும் பொய். இரு திசைகளிலும் எடுத்த வாசிப்புகளின் கூட்டல் ஆழந்தோறும் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரோப் மாற்றினார்களா, ஆள் மாறினாரா என்றும் கேளுங்கள். சுவர்த்தலையை டோட்டல் ஸ்டேஷனில் தனியாக அளந்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

கருவி சரியென்றால், வளைவின் வடிவம் எங்கே தேடுவது என்று காட்டும்.

### 3ஆ. தலை சாய்கிறது

முதலில் மேலே ஏறிப் பாருங்கள். சுவரோரம் என்ன வைத்திருக்கிறார்கள்? ஒரு மீட்டர் உயர மண் குவியல் சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன். கம்பிக் கட்டு, கிரேன், கான்கிரீட் லாரி எல்லாம் அதே ஓரத்தில்தான் வந்து நிற்கும், நகரத்து சைட்டில் வேறு இடம் ஏது? டிசைனில் அனுமதித்த மேல்பாரத்தைப் பாருங்கள். மீறியிருந்தால் அகற்றுங்கள், செலவே இல்லாத தீர்வு இது.

பாரம் இல்லையென்றால் அடுத்த சந்தேகம், முதல் ஸ்ட்ரட் போடுமுன் கூடுதலாகத் தோண்டியது. டேப் போட்டு அளந்து பாருங்கள், மிஷின் ஓட்டுபவரின் மட்டக்கணக்கை நம்பாதீர்கள். கூடுதல் ஆழம் இருந்தால் திருப்பிக் கொட்டிவிட்டு ஸ்ட்ரட்டைப் போடுங்கள்.

### 3இ. நடுவில் தொந்தி தள்ளுகிறது

அடுத்த வரிசை ஸ்ட்ரட் தாமதமாகியிருக்கும், அல்லது போட்ட ஸ்ட்ரட் இறுகாமல் சும்மா நிற்கும். வேலருக்கும் (சுவரோரம் கிடையாக ஓடும் எஃகு உத்திரம், இதில்தான் ஸ்ட்ரட் முட்டும்) சுவருக்கும் இடையே மெல்லிய தகட்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் அந்த இடத்தில் ஸ்ட்ரட் எதையும் தாங்கவில்லை. அந்த இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்பி, ஜாக் வைத்து டிசைனில் சொன்ன முன்சுமையைக் கொடுங்கள்.

### 3ஈ. அடி உதைக்கிறது

தோண்டிய மட்டத்துக்குக் கீழே வளைவு பெரிதாகிக்கொண்டே போனால், சுவருக்கு முன்னால் தாங்க வேண்டிய மண் தாங்கவில்லை. லிஃப்ட் குழி, சம்ப் என்று சுவரை ஒட்டி யாராவது குழி வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் மூடுங்கள். இல்லையென்றால் சைட்டில் வைத்துத் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல. சுவரடியில் மண்ணைத் திருப்பிக் கொட்டிச் சரிவுமேடை அமைத்துவிட்டு டிசைனரைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு நகர்ந்தால் அதிகம்? கெட்டிக் களிமண், மணல் பகுதிகளில் நல்ல வேலையில் சுவரின் உச்ச நகர்வு சராசரியாகப் பள்ள ஆழத்தில் 0.2 சதவீதம், பெரும்பாலும் 0.5-க்குள் அடங்கும் என்பது 1990-இல் கிளஃப், ஓ'ரூர்க் இருவரும் தொகுத்த அளவீடுகளிலிருந்து வந்த கணக்கு. 10 மீட்டர் பள்ளத்தில் 20 மி.மீ., 50 மி.மீ. ஆனால் என்னைக் கேட்டால் அளவைவிட வேகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். தோண்டும்போது 15 மி.மீ. நகர்ந்து, நிறுத்தியதும் நின்றுவிட்ட சுவரில் பிரச்சினை இல்லை. தோண்டுவதை நிறுத்தியும் தினம் 2 மி.மீ. நகரும் சுவரை வைத்துக்கொண்டு இரவில் தூங்க முடியாது. நிபுணர்: வேலை நின்ற பின்னும் நகர்வு நிற்காவிட்டால், மொத்த அளவு எச்சரிக்கை மட்டத்தைத் தொடாவிட்டாலும் டிசைனரைக் கூப்பிடுங்கள்.

## 4. ஸ்ட்ரட்டில் சத்தம், முறுக்கு, சுமை ஏற்றம்

சுமை மதியம் ஏறி விடியற்காலையில் இறங்கினால் வெப்பம்தான் காரணம். 20 மீட்டர் எஃகு ஸ்ட்ரட் 15 டிகிரி சூடேறினால், தடையில்லாதபட்சத்தில் 3.6 மி.மீ. நீளும். நீள விடாமல் சுவர் தடுப்பதால் அது சுமையாக மாறுகிறது. விடியற்காலை வாசிப்புகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள், அதிலும் ஏறினால் உண்மையான ஏற்றம். (அதற்காக வெப்பச் சுமை பொய்ச்சுமை என்று நினைக்க வேண்டாம், ஸ்ட்ரட் அதையும் தாங்கியாக வேண்டும்.)

அடுத்து, ஸ்ட்ரட்டில் மிஷின் கை இடித்த தடம் இருக்கிறதா, அதன்மேல் ஏதாவது அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு முனையில் நின்று கண்ணால் நேர்கோடு பார்த்தாலே வளைவு தெரியும்.

கடைசியாக, ஆனால் மிகக் கவனமாக, முனைகள். ஸ்ட்ரட்டின் நடுப்பகுதியைவிட அது வேலரில் போய் முட்டும் மூட்டுதான் முதலில் தோற்கும். வேலரின் நடுத்தகடு நசுங்குகிறதா, விறைப்புத் தகடுகள் வரைபடத்தில் உள்ளபடி இருக்கின்றனவா, வெல்டிங்கின் ஓரம் பெயின்ட் உதிர்கிறதா? கிடைக்கவில்லை என்று தகட்டுக்குப் பதிலாக வேறு எதையாவது வைத்திருந்தால் அதை யார் ஒப்புக்கொண்டார்கள் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் ஹைவே பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தபோது, தொடக்கப் புள்ளி ஸ்ட்ரட்டும் வேலரும் சேரும் மூட்டுகள்தான். சுவரின் டிசைனிலும் மூட்டின் டிசைனிலும் குறை இருந்ததாக விசாரணையில் தெரிந்தது.

நிபுணர்: மூட்டில் எஃகு மடங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் சரிசெய்ய வெல்டரை அனுப்பாதீர்கள். எல்லோரையும் மேலே ஏற்றுங்கள். ஒரு ஸ்ட்ரட் விட்டால் அதன் சுமை பக்கத்து ஸ்ட்ரட்டுக்குப் போகும், அதுவும் அதே மாதிரி மூட்டோடுதான் நிற்கிறது.

## 5. ஆங்கரில் சுமை குறைகிறது

ஆங்கர் என்பது சுவரைப் பின்னால் மண்ணோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி. பூட்டிய உடனே சுமை கொஞ்சம் குறைந்து நின்றுவிட்டால், ஆப்பு பிடித்து உட்கார்ந்ததுதான். லோட் செல்லின் (சுமை அளக்கும் கருவி) வயர் நனைந்ததா என்றும் பாருங்கள். தொடர்ந்து குறைந்தால் ஜாக் வைத்துத் தூக்கிப் பார்க்கும் சோதனை செய்யுங்கள். கருவி சொல்வதும் ஜாக் சொல்வதும் ஒத்துப்போனால் கிரவுட் பிடிமானம் போகிறது, அந்த ஆங்கரை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியது போட வேண்டும்.

ஒரே நாளில் சுமை அறவே போய்விட்டால் அடுத்த மனையைப் போய்ப் பாருங்கள். அங்கே யாராவது பைல் துளைத்துக்கொண்டிருந்தால், உங்கள் ஆங்கரை அறுத்துவிட்டார்கள். பிறர் நிலத்துக்கு அடியில் ஆங்கர் போடுவதில் உள்ள வில்லங்கமே இதுதான். அவர்களை நிறுத்தச் சொல்லி, மீதி ஆங்கர்களின் இடத்தையும் சாய்வையும் வரைபடமாகக் கொடுங்கள்.

## 6. பள்ளத்தின் அடி பொங்குகிறது

மணல் கொப்பளிக்கிறது: கீழிருந்து நீர் மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கொப்பளிக்கும் இடத்தில் சம்ப் வெட்டிப் பம்ப் போடத்தான் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். உள்ளே நீர் குறையக் குறையக் கொப்பளிப்பு கூடும். மேலே ஜல்லி வடிகட்டிக் குவியல் போடுங்கள், போதாவிட்டால் பள்ளத்தில் நீரை ஏற்றுங்கள்.

களிமண் தரை மேலெழுகிறது: அடியில் அழுத்தத்தோடு நீர்ப்படுகை இருக்கிறதா என்று மண் சோதனை அறிக்கையில் பாருங்கள். மீதியிருக்கும் களிமண் 3 மீட்டர், எடை கன மீட்டருக்கு 1.8 டன் என்றால் கீழ்நோக்கிய பாரம் சதுர மீட்டருக்கு 5.4 டன். படுகையின் நீரழுத்தம் 6 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்றால் மேல்நோக்கி 6 டன். தரை நிற்காது. அழுத்தத்தைக் குறைக்கும் கிணறுகள் போட்ட பிறகே தோண்டலாம். நீர்ப்படுகையே இல்லாமல் மென்களிமண் எழுகிறது, வெளியே ரோடும் இறங்குகிறது என்றால், வெளிமண் சுவரடி வழியே உள்ளே வருகிறது. திருப்பிக் கொட்டுங்கள்.

நிபுணர்: மூன்றிலும் உடனே.

## 7. பலகைக்குப் பின்னால் வெற்றுச் சத்தம்

சோல்ஜர் பைல் சுவரில் (இடைவெளி விட்டு நிறுத்திய தூண்களுக்கு நடுவே பலகை செருகிய சுவர்) பலகையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கென்று கேட்டால் பின்னால் பொந்து. சின்னது என்றால் மெலிந்த சிமென்ட் கலவையால் நிரப்பலாம். அடிக்கடி வந்தால், பலகை செருகுமுன் மிக உயரமாக வெட்டுகிறார்கள். வெட்டும் உயரத்தைக் குறையுங்கள்.

## 8. டயஃப்ரம் சுவர் அகழியில் பென்டோனைட் திடீரென்று இறங்குகிறது

பென்டோனைட் என்பது வெட்டிய அகழி சரியாமல் பிடிக்கும் களிமண் கரைசல். அது மெதுவாக இறங்கினால் சரளை மண் உறிஞ்சுகிறது, கலவையைக் கெட்டியாக்கினால் நிற்கும். சட்டென்று இறங்கினால் பழைய சாக்கடை, மூடிப்போன கிணறு, யாருக்கும் நினைவில்லாத நிலவறை, ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டீர்கள். திரவ மட்டம் நிலத்தடி நீருக்கு மேல் ஒரு மீட்டராவது இல்லையென்றால் அகழிச் சுவர் சரியும். முதலில் இருப்பிலுள்ள பென்டோனைட்டை ஊற்றி மட்டத்தைப் பிடியுங்கள். முடியாவிட்டால் அகழியை மண்ணாலோ மெலிந்த கான்கிரீட்டாலோ நிரப்பிவிட்டு, பிறகு மீண்டும் வெட்டுங்கள். பக்கத்து மேன்ஹோல்களைத் திறந்து பாருங்கள், பென்டோனைட் அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம். சாக்கடைக்குள் அது படிந்துவிட்டால் தெருவே அடைத்துக்கொள்ளும், உடனே சாக்கடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

## 9. எல்லாம் முடிந்து, ஸ்ட்ரட் எடுக்கும்போது சுவர் மீண்டும் நகர்கிறது

தோண்டி முடித்து ஸ்லாப் போட்டதும் கருவி வாசிப்பவரை அனுப்பிவிடுகிறார்கள். இந்த நகர்வு பல சைட்டில் கவனிக்காமல் போவது அதனால்தான். ஸ்லாப் கான்கிரீட் வரைபடத்தில் சொன்ன வலிமைக்கு வந்துவிட்டதா என்று க்யூப் சோதனை முடிவைப் பாருங்கள், நாள் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்லாப்பின் விளிம்புக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே சந்து இருந்தால், சுவர் அந்தச் சந்து அளவுக்கு நகர்ந்துதான் ஸ்லாப்பில் முட்டும். நிரப்பிய பிறகு ஸ்ட்ரட்டை விடுங்கள். படிக்கட்டு, சரிவுப்பாதை இருக்கும் இடங்களில் ஸ்லாப்பில் பெரிய திறப்பு இருக்கும், அதற்கு எதிரே நிற்கும் ஸ்ட்ரட்டைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். ஜாக்கால் சுமையைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படிக்கும் பிறகு அளந்து, பிறகு வெட்டுங்கள். சுமை இறக்காமல் நேரே கேஸ் கட்டரை வைப்பவரை அந்தப் பக்கமே விடாதீர்கள். சுமை இறக்கிய பின்னும் சுவர் நகர்ந்துகொண்டே இருந்தால், அதே ஸ்ட்ரட்டைத் திரும்ப இறுக்கிவிட்டு டிசைனருக்கு போன் செய்யுங்கள்.